ஜப்பானின் ஊர்ச்சமையல்: ஹோட்டோ, இகினாரி டாங்கோ, ஜுண்டா, மினாஸுகி செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

2007-இல் ஜப்பானிய வேளாண் அமைச்சகம், உழவர்களும் மலைநாட்டாரும் மீனவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துவரும் உணவுகளில் நூறைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலிட முனைந்தது. வெளிவந்த பட்டியலில் 99 உணவுகள்தான் இருந்தன. நூறாவது இடத்தை அவரவர் தத்தம் ஊர் உணவால் நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் பட்டியலைப் படித்தால் ஜப்பானியச் சமையல் பற்றி நமக்கிருக்கும் எண்ணமே மாறிவிடும். பல நூற்றாண்டுகளாக அந்நாட்டின் ஏராளமான வீடுகளில் தினமும் வெள்ளரிசிச் சோறு வெந்ததில்லை. நெல் விளையாத மலைகளில் கோதுமையும் பக்வீட் என்ற தானியமும், தெற்கே எரிமலை மண்ணில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும், குளிர் மிகுந்த வடக்கே பார்லியும் தினையும்தான் வயிற்றை நிரப்பின. எந்த மண்ணில் எது விளைந்ததோ அதை வைத்துக்கொண்டு அந்தந்த ஊர்ப் பெண்கள் கண்டுபிடித்த வழிகள்தாம் இன்று ஊர்ச்சமையல் என்று போற்றப்படுகின்றன. ஆகவே செய்முறையை மட்டும் படித்தால் போதாது. அந்த ஊரில் எது குறைவு, எது மிகுதி என்று தெரிந்தால், ஒவ்வொரு படியும் ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும். விளங்கிவிட்டால் கையளவு தவறினாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

இந்த வழிகாட்டிக்கு நான்கை எடுத்துக்கொண்டேன். யாமனாஷியின் ஹோட்டோ (குழம்பில் வேகும் மாவுப்பட்டை), குமாமோட்டோவின் இகினாரி டாங்கோ (மாவில் பொதிந்த கிழங்கு), மியாகியின் ஜுண்டா மோச்சி (பச்சைச் சோயா மசியல் போர்த்திய ஒட்டரிசி உருண்டை) ஆகிய மூன்றும் அந்த 99-இல் உள்ளவை. நான்காவதான மினாஸுகி அதில் இல்லை. கியோட்டோவில் ஆண்டின் ஒரே ஒரு நாளுக்கென்று உள்ள பலகாரம் அது. நான்கையும் முழுச் சைவமாகவே செய்யலாம். இதற்கென அடுப்போ பாத்திரமோ புதிதாக வாங்கத் தேவையில்லை.

பலருக்கும் முதலில் மோச்சி செய்து பார்க்கத்தான் ஆசை வரும். என் யோசனை, ஹோட்டோவில் தொடங்குங்கள். அதற்கு வேண்டியது சாதாரண மாவுதான், சமைப்பதும் ஒரே பாத்திரத்தில்தான். டாஷி என்னும் அடிப்படைச் சாறும் மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுதும் எப்படி வேலை செய்கின்றன என்பதை அந்த ஒரு பாத்திரமே கற்றுக்கொடுத்துவிடும்.

வாங்கி வைக்க வேண்டியவை

மைதா எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆட்டா மாவு இதற்கு ஆகாது. அதிலுள்ள தவிடு மாவின் இழுவையைக் கெடுத்துவிடும்.

ஒட்டரிசி மாவில்தான் அதிகம் ஏமாற வாய்ப்பு. ஜப்பானில் இதை ஷிராடமாகோ என்பார்கள். ஒட்டும் தன்மையுள்ள அரிசியை ஊறவைத்து, நீர்விட்டு அரைத்து, அடியில் தங்கும் வண்டலை உலர்த்திச் செய்வது. இடியாப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் வைத்திருக்கும் பச்சரிசி மாவு இதற்கு மாற்றாகாது. மோச்சிக்கு இழுவை தருவது அமைலோபெக்டின் என்ற மாப்பொருள். ஒட்டரிசியின் மாப்பொருள் ஏறக்குறைய முழுவதும் அதுதான். சாதாரணப் பச்சரிசியில் அமைலோஸ் என்ற மற்றொரு மாப்பொருளும் கலந்திருப்பதால் வெந்து ஆறியதும் விறைத்துப்போகும். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் புளுட் அரிசி என்று அறிந்திருப்பது இந்த ஒட்டரிசியைத்தான். தாய்லாந்து ஒட்டரிசி மாவுப் பொட்டலமும் நன்றாகவே வேலை செய்யும்.

மிசோ வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். டாஷி சேர்த்தது என்றிருந்தால் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும். சோயா, அரிசி அல்லது பார்லி, உப்பு இவை மட்டும் உள்ள மஞ்சள்பழுப்பு மிசோவே ஹோட்டோவுக்குப் பொருத்தம். யாமனாஷியில் அரிசியிலும் பார்லியிலும் பூஞ்சை வளர்த்த கோஜியைக் கலந்து கோஷு மிசோ செய்கிறார்கள். அரிசி அரிதாக இருந்த ஊரின் அடையாளம் மிசோவிலும் இருக்கிறது. கியோட்டோவின் வெள்ளை மிசோ இதற்கு அதிக இனிப்பு. ஐச்சியின் ஹாட்சோ மிசோ சோயாவை மட்டுமே கொண்டு செய்யப்படுவதால் மிகக் கனமாக இருக்கும்.

இவற்றோடு கோம்பு என்னும் காய்ந்த கடற்பாசிப் பட்டை, காய்ந்த ஷீடாக்கே காளான், அஸுகி என்னும் சிறு சிவப்புப் பயறு ஆகியவையும் வேண்டும். சென்னையில் ஜப்பானிய, கொரியக் குடும்பங்கள் கணிசமாக வசிப்பதால் அவர்களுக்கான மளிகைக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்கள் இணையத்தில் வாங்கலாம்.

டாஷி: இரவே தொடங்க வேண்டிய வேலை

ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் கோம்பு, மூன்று அல்லது நான்கு காய்ந்த ஷீடாக்கே. கோம்பின் மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது பூஞ்சை இல்லை, அதில் சுவை இருக்கிறது. கழுவிவிடாமல் ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். இரண்டையும் குளிர்ந்த நீரில் போட்டு மூடி, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

காலையில் அப்படியே பாத்திரத்துக்கு மாற்றிச் சிறு தீயில் வையுங்கள். ஓரத்தில் சிறு குமிழிகள் கிளம்பும்போதே கோம்பை வெளியே எடுத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் வழவழப்பும் ஒரு கசப்பு வாடையும் இறங்கிவிடும். காளானை விட்டுவைத்து மேலும் ஐந்து நிமிடம் சூடாக்கி வடிகட்டுங்கள். காளானைத் தூக்கிப் போடாதீர்கள், ஹோட்டோவில் நறுக்கிப் போடலாம்.

இந்த இரண்டும் சேர்வதில் காரணம் உண்டு. 1908-இல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த கிக்குனே இகேடா, கோம்புச் சாற்றின் சுவைக்குக் குளுட்டமிக் அமிலமே காரணம் என்று கண்டறிந்து அதற்கு உமாமி என்று பெயரிட்டார். காய்ந்த ஷீடாக்கேயில் குவானிலேட் என்ற வேறொரு சுவைப்பொருள் உண்டு. தனித்தனியே எடுத்துக் குடித்தால் இரண்டும் மெலிவாகத்தான் இருக்கும். சேர்ந்துவிட்டால் சுவை பலமடங்கு ஏறும். மீனைத் தவிர்க்கும் புத்த மடங்களின் சமையல் இந்தக் கூட்டணியை வைத்துத்தான் நிற்கிறது.

மீன் சாப்பிடுபவர்கள் நிபோஷி என்ற காய்ந்த சிறு மீனைப் பயன்படுத்தலாம். மலைநாட்டு வீடுகளில் ஹோட்டோவுக்கு அதுவே வழக்கம். தலையையும் குடலையும் கிள்ளிவிட்டு ஒரு லிட்டருக்கு 20 கிராம் ஊறவைத்துக் கொதிக்கவிடுவார்கள். நம்மூர் நெத்திலிக் கருவாட்டை அதற்கு மாற்றாகப் போடுவதானால் உப்பைக் கழுவி நீக்கிவிட்டு, மிசோவின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டோ: யாமனாஷி

ஃபூஜி மலையின் வடக்கே, சுற்றிலும் மலை சூழ்ந்த வட்டாரம் யாமனாஷி. பழைய பெயர் காய். சரிவு நிலமும் நீர் நில்லாத மண்ணும் நெல்லுக்கு உதவவில்லை. கோதுமை விளைந்தது. பட்டுப்புழு வளர்ப்பு பெருகியபோது சரிவுகளெல்லாம் மல்பெரித் தோட்டங்களாயின. நாள் முழுக்கப் புழுவுக்கு இலை போட்டு, வயலிலும் வேலை செய்துவிட்டு வரும் குடும்பத்துக்கு ஒரே பாத்திரத்தில் மாவுப்பட்டையும் குழம்பும் காய்கறியும் சேர்ந்த உணவு வேண்டியிருந்தது. அதுதான் ஹோட்டோ. பதினாறாம் நூற்றாண்டுத் தலைவன் டாகேடா ஷிங்கென் போர்ப்பாசறையில் படைக்குக் கொடுத்த உணவு இது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும் கதை; ஆனால் இதை வளர்த்தெடுத்தவை கோதுமை வயலும் பட்டுப்புழுக் கொட்டிலும்தான்.

இதையும் ஊடோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஊடோன் மாவில் உப்பு உண்டு. உப்பு மாவின் இழுவையை இறுக்கும், அதனால் பட்டை வழவழப்பாக, விறைப்பாக வரும். ஆனால் அந்த உப்பை நீக்க ஊடோனைத் தனியே வெந்நீரில் வேகவைத்து, நீரைக் கொட்டிக் கழுவ வேண்டும். ஹோட்டோவில் உப்பே கிடையாது. ஆகவே பச்சைப் பட்டையை நேரே குழம்பில் போடலாம். பட்டையில் ஒட்டியிருக்கும் மாவு கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். கெட்டியான குழம்பு எளிதில் ஆறாது. பனிக்கால மலை வீட்டில் அது பெரிய வரம். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த ஒரு விஷயத்தைக் காப்பாற்றத்தான்.

நான்கு பேருக்கு: மைதா 300 கிராம், வெதுவெதுப்பான நீர் 140 முதல் 150 மி.லி., டாஷி 1.4 லிட்டர், மிசோ 90 கிராம் (ஐந்து மேசைக்கரண்டி), பூசணி 350 கிராம், சேப்பங்கிழங்கு நான்கு, முள்ளங்கி பாதி, கேரட் ஒன்று, சீன முட்டைக்கோஸ் இலை நான்கைந்து, காளான் ஒரு கைப்பிடி, பொரித்த டோஃபு இரண்டு துண்டு, வெங்காயத்தாள் ஒரு கட்டு.

பூசணியில் கவனம் வேண்டும். ஜப்பானியக் கபோச்சா பச்சைத் தோலும் மாவுச்சத்து நிறைந்த இனிப்புச் சதையும் கொண்டது. நம் பரங்கிக்காயில் நீர் அதிகம். முற்றிய, கையில் எடுத்தால் கனக்கிற, சதை அடர்ந்த காயாகப் பொறுக்கி எடுங்கள். டாஷியையும் ஒரு குவளை குறைத்துக்கொள்ளுங்கள்.

1. மாவில் நீரை மூன்று தவணையாகத் தெளித்து விரல் நுனிகளால் பிசறுங்கள். முதலில் உதிரி உதிரியாக இருக்கும். நீர் போதவில்லை என்று அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம். அழுத்திச் சேர்த்துப் பத்து நிமிடம் பிசைந்தால் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியான உருண்டை கிடைக்கும். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். யாமனாஷிப் பாட்டிமார்கள் மாவை ஊறவிடாமலே தேய்த்துவிடுவார்கள். புதிதாகச் செய்பவர்களுக்கு இந்த அரை மணி நேரம் தேய்ப்பதை எளிதாக்கும்.

2. மாவு தூவி 3 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேயுங்கள். இன்னும் மெலிதாக்கினால் குழம்பில் கரைந்துவிடும். மேலே தாராளமாக மாவு தூவி, புடவை மடிப்பதுபோல் மடித்து, ஒரு விரல் அகலத்துக்கு நறுக்குங்கள். பிரித்து உதறும்போது மாவு முழுவதையும் தட்டிவிட வேண்டாம், குழம்பைக் கெட்டியாக்கப்போவது அதுதான்.

3. சேப்பங்கிழங்கைத் தோல் சீவி, உப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வழவழப்பு குறையும். பொரித்த டோஃபுவின் மேல் வெந்நீர் ஊற்றி எண்ணெயைப் போக்குங்கள். பூசணியைத் தோலோடு பெரிய துண்டுகளாக வெட்டி இரண்டு பங்காகப் பிரித்து வையுங்கள்.

4. அடிகனமான பாத்திரத்தில் டாஷியோடு சேப்பங்கிழங்கு, முள்ளங்கி, கேரட், பூசணியில் ஒரு பங்கு போட்டுக் கொதிக்கவிடுங்கள். பத்து நிமிடத்தில் கிழங்கு பாதி வெந்திருக்கும். இப்போது மிசோவில் பாதியைக் கரண்டியில் எடுத்துக் குழம்பிலேயே கரைத்து விடுங்கள். மிசோவைக் கொதிக்கவிடக்கூடாது என்பது பொதுவான விதி. உப்பில்லாத பட்டைக்குள் சுவை ஏற வேண்டும் என்பதால் இங்கே பாதியை முன்கூட்டியே சேர்க்கிறோம்.

5. நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்போது பட்டைகளைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் ஒரே கட்டியாகிவிடும். மீதிப் பூசணி, காளான், டோஃபு, கோஸ் இலையையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடுத்தீயில் வையுங்கள். மாவு அடியில் தங்கிப் பிடிக்கும், அடிக்கடி அடியோடு துழாவுங்கள். முதலில் போட்ட பூசணி கரைந்து குழம்புக்கு மஞ்சளும் இனிப்பும் தரும். பிறகு போட்டது துண்டாக நிற்கும்.

6. பட்டை நடுவில் வெள்ளைக்கோடு இல்லாமல் வெந்ததும் வெங்காயத்தாளைச் சேர்த்து, மீதி மிசோவைக் கரைத்து, ஒரு கொதி வருமுன் இறக்குங்கள். கடைசி மிசோ மணத்துக்காக.

மேலே தூவ ஜப்பானியர்கள் மிளகாய், எள், ஆரஞ்சுத் தோல் முதலிய ஏழு பொருள் கலந்த ஷிச்சிமித் தூளை வைத்திருப்பார்கள். வெறும் மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை போதும். தாளிக்க வேண்டாம். எண்ணெயும் கடுகும் ஏறினால் டாஷியின் மணம் காணாமல் போய்விடும். மீந்ததை மறுநாள் சூடாக்கும்போது இன்னும் கெட்டியாகி இருக்கும். யாமனாஷியில் அந்த மறுநாள் ஹோட்டோவுக்கென்றே காத்திருப்பவர்கள் உண்டு.

ஆங்கோ: இனிப்புகளுக்கு அடிப்படை

அஸுகிப் பயறைச் சர்க்கரையோடு வேகவைத்த பூரணம் ஆங்கோ. அடுத்து வருபவற்றில் குமாமோட்டோ, கியோட்டோ ஆகிய இரண்டு ஊர்களின் பலகாரத்துக்கு இது தேவை. கடையில் டப்பாவில் கிடைக்கும், ஆனால் நாவில் ஒட்டும் அளவுக்கு இனிப்பாக இருக்கும். வீட்டில் செய்தால்தான் பயறின் மணம் நிற்கும்.

அஸுகி 250 கிராம், சர்க்கரை 200 கிராம், உப்பு அரைச் சிட்டிகை.

பயறை ஊறவைக்கத் தேவையில்லை. கழுவி, மூழ்க நீர்விட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். துவர்ப்பு அதோடு போய்விடும். புது நீர் ஊற்றிச் சிறு தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவிடுங்கள். பயறு எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். நீர் வற்றி வெளியே தலைநீட்டினால் தோல் வெடிக்கும், உள்ளே வேகாமல் நிற்கும். குக்கரில் வைப்பதானால் முதல் நீரைக் கொட்டிய பிறகு வையுங்கள். நான்கு விசிலில் திறந்து பார்த்து, போதாவிட்டால் மீண்டும் வைக்கலாம்.

கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே வைத்து லேசாக அழுத்தினாலே பயறு நசுங்க வேண்டும். சுண்டுவிரலுக்கு வலு குறைவு, அதனால் அது நசுக்க முடிந்தால் பதம் சரி. அதற்கு முன்னால் சர்க்கரையைத் தொடவே தொடாதீர்கள். சர்க்கரை பயறிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தாலும் தோல் மிருதுவாகாது. ஆங்கோ கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான்.

வெந்ததும் அதிகப்படி நீரை வடித்து, சர்க்கரையை மூன்று பங்காக, ஒரு பங்கு கரைந்த பிறகு அடுத்ததாகச் சேருங்கள். மரக்கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு நொடி தெரிய வேண்டும். அப்போது உப்பைப் போட்டு இறக்குங்கள். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே இறக்க வேண்டும். தட்டில் சிறு சிறு குவியல்களாக வைத்து ஆறவிடுங்கள்.

அஸுகி கிடைக்காதவர்கள் சிவப்புக் காராமணியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானிலும் காராமணி உண்டு, சாசாகே என்பார்கள். டோக்கியோ வட்டாரத்தில் விசேஷ நாள் சிவப்புச் சோற்றுக்கு அஸுகியை விடுத்து அதைத்தான் போடுவது மரபு. வேகும்போது அஸுகியின் தோல் வெடிப்பது சாமுராய்கள் வயிற்றைக் கிழித்து உயிர்விடும் வழக்கத்தை நினைவூட்டும் என்பதால் எடோ காலத்து (1603–1868) சாமுராய் வீடுகளில் அதைத் தவிர்த்தார்கள் என்பது அங்கே வழங்கும் காரணம். காராமணித் தோல் கெட்டியானது, இன்னும் அரைமணி கூட வேகவிடுங்கள்.

யாமனாஷியில் இந்தப் பயறையும் ஹோட்டோவையும் சேர்த்தே சமைப்பதுண்டு. வெந்த அஸுகியை நீர்க்கச் சர்க்கரையும் உப்பும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, அதில் பச்சைப் பட்டைகளைப் போட்டு வேகவைப்பார்கள். பண்டிகை நாள் இனிப்பு. ஆங்கோ செய்யும் நாளில் ஒரு கை மாவு மீந்திருந்தால் செய்து பாருங்கள்.

இகினாரி டாங்கோ: குமாமோட்டோ

கியூஷூத் தீவின் நடுவே ஆசோ எரிமலை. அதன் சாம்பல் படிந்த மண்ணில் நீர் நிற்காது; ஆனால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அமோகமாக விளையும். இந்தக் கிழங்கு 1605-இல் சீனாவிலிருந்து ரியூக்யூத் தீவுகளுக்கு, அதாவது இன்றைய ஒக்கினாவாவுக்கு, வந்தது. 1705-இல் அங்கிருந்து கியூஷூவின் தென்முனையான சட்சுமாவுக்குப் போனது. 1732-இன் பெரும்பஞ்சத்தில் மேற்கு ஜப்பான் பட்டினியில் வாடியபோது கிழங்கு பயிரிட்டிருந்த வட்டாரங்கள் தப்பிப் பிழைத்தன. அந்தக் கிழங்கைத் துண்டாக்கி மாவில் பொதிந்து ஆவியில் வேகவைப்பதுதான் இகினாரி டாங்கோ. சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்து நின்றாலும் செய்து கொடுத்துவிடலாம் என்பது அங்குள்ளவர்களின் பெருமை.

எட்டுக்கு: மைதா 150 கிராம், ஒட்டரிசி மாவு 50 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, வெதுவெதுப்பான நீர் சுமார் 110 மி.லி., பருத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்று, ஆங்கோ 200 கிராம்.

மாவுகளை உப்போடு கலந்து, நீர்விட்டு மிருதுவாகப் பிசைந்து, மூடி அரை மணி நேரம் வையுங்கள். மைதா பொதிவதற்கு வேண்டிய வலுவைத் தரும், ஒட்டரிசி மாவு வெந்தபின் கண்ணாடிபோன்ற பளபளப்பைத் தரும். ஒன்று மட்டும் இருந்தால் இரண்டும் கிடைக்காது.

கிழங்கைத் தோலோடு ஒரு சென்டிமீட்டர் வட்டங்களாக நறுக்கி, உப்பு கலந்த நீரில் பத்து நிமிடம் போடுங்கள். கறுக்காது, இனிப்பும் எடுப்பாகத் தெரியும். ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒவ்வொரு வட்டத்தின் மேலும் 25 கிராம் ஆங்கோவைத் தட்டையாக அப்புங்கள். மாவை எட்டாகப் பிரித்து, ஓரம் மெலிதாகவும் நடு சற்றுத் தடிப்பாகவும் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டுங்கள். ஆங்கோ கீழே, கிழங்கு மேலே இருக்கும்படி மாவின் நடுவில் கவிழ்த்து வைத்து, ஓரங்களை இழுத்துக் கிழங்கின் மேல் சேர்த்து ஒட்டுங்கள். திருப்பிப் போட்டால் ஒட்டு அடியில் போய்விடும்.

இட்லித் தட்டின் குழியில் இது உட்காராது. இட்லிப் பானையில் தட்டையான துளைத்தட்டு வைத்து, பிளாஸ்டிக் பூச்சில்லாத வெண்ணெய்த்தாளையோ வாழையிலையையோ சிறு சதுரங்களாக வெட்டி ஒவ்வொன்றின் அடியிலும் போடுங்கள். நீர் நன்றாகக் கொதித்த பிறகு வைத்து 25 நிமிடம் ஆவியில் வேகட்டும். மெல்லிய கம்பி கிழங்கில் தடையில்லாமல் இறங்க வேண்டும். மூடியில் துணி கட்டினால் ஆவி நீர் சொட்டி மேற்பரப்பைக் கெடுக்காது. ஆங்கோ இல்லாமல் கிழங்கை மட்டும் வைத்துச் செய்வதும் உண்டு. நல்ல கிழங்கு கிடைத்தால் எனக்கு அதுவே மேல் என்று தோன்றுகிறது, கிழங்கின் சுவையில் உப்பு மாவு நேராகப் படுகிறது.

ஜுண்டா மோச்சி: மியாகி

வடகிழக்கே செண்டாய் நகரைச் சுற்றியுள்ள வட்டாரம். கோடையில் முற்றாத சோயாக் காயான எடமாமே குவியும். ஆகஸ்டு மாதம் முன்னோர் வழிபாடான ஓபோன் நாட்களில் அதை மசித்து மோச்சியின் மேல் போர்த்தி உண்பார்கள்.

எடமாமே உறைநிலைப் பொட்டலமாகப் பெரிய கடைகளில் கிடைக்கிறது. உரித்த பருப்பு 200 கிராம் எடுத்து, கொறிப்பதற்கு வேகவைப்பதைவிடக் கூடுதலாக, விரலில் எளிதாக நசுங்கும் வரை வேகவையுங்கள். பருப்பின் மேலுள்ள மெல்லிய தோலை ஒவ்வொன்றாக நீக்குங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் தோல் இருந்தால் நாவில் சக்கைபோல் தட்டும். உரலிலோ அம்மியிலோ கொரகொரப்பாக இடியுங்கள். மிக்ஸியானால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள், விழுதாக்கிவிட்டால் ஜுண்டா இல்லை. சர்க்கரை 60 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, நீர் இரண்டு கரண்டி சேர்த்துக் கலக்கினால் ஆயிற்று. அடுப்பில் வைக்க வேண்டாம், பச்சை நிறம் போய்விடும்.

மோச்சிக்கு இடித்த ஒட்டரிசிச் சோறு வேண்டும். வீட்டில் ஒட்டரிசி மாவு உருண்டையே வசதி. மாவு 150 கிராமுக்கு நீர் சுமார் 130 மி.லி. சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசையுங்கள். காது மடலின் மென்மைக்கு வர வேண்டும் என்பது ஜப்பானியச் சமையற்கட்டில் எல்லோரும் சொல்லும் பதம். நெல்லிக்காய் அளவு உருட்டி, நடுவில் விரலால் லேசாகக் குழித்து, கொதிநீரில் போடுங்கள். மேலே மிதந்த பிறகும் இரண்டு நிமிடம் விட்டு, குளிர்ந்த நீருக்கு மாற்றி, வடித்து, ஜுண்டாவில் புரட்டுங்கள். நிறமும் மணமும் சில மணி நேரத்தில் மங்கிவிடும் என்பதால் செய்த உடனே பரிமாறுங்கள்.

மினாஸுகி: கியோட்டோ, ஜூன் 30

கியோட்டோவில் ஜூன் 30 அன்று ஷிண்டோ கோயில்களில் நாகோஷி நோ ஹராயே என்ற சடங்கு நடக்கும். ஆண்டின் முதல் பாதியில் சேர்ந்த தீட்டைக் கழிக்க, புல்லால் கட்டிய ஆளுயர வளையத்துக்குள் புகுந்து வருவார்கள். அன்று வீட்டுக்கு வீடு மினாஸுகி இருக்கும். வெள்ளை மாவுப்படலத்தின் மேல் சிவப்புப் பயறு பதித்து, முக்கோணமாக வெட்டிய பலகாரம்.

முக்கோணம் பனிக்கட்டித் துண்டைக் குறிக்கிறது. அரசவையினருக்காக மலைக் குகைகளில் குளிர்காலப் பனிக்கட்டியைச் சேமித்து வைத்து, பழைய நாட்காட்டியின் ஆறாம் மாத முதல் நாளில் எடுத்து உண்ணும் வழக்கம் இருந்தது. சாதாரண மக்களுக்குக் கோடையில் பனிக்கட்டி ஏது? அதன் வடிவத்தை மாவில் செய்துகொண்டார்கள். சிவப்புப் பயறு கெட்டதை விரட்டும் என்பது நம்பிக்கை.

15 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு: மைதா 100 கிராம், ஒட்டரிசி மாவு 30 கிராம், சர்க்கரை 90 கிராம், நீர் 300 மி.லி., இனிப்பாக வேகவைத்த முழு அஸுகி 150 கிராம். இந்தப் பயறுக்கு மசியாத ஆங்கோ வேண்டும். ஆங்கோ செய்யும்போது முதல் பங்குச் சர்க்கரை கரைந்ததும், பயறு உடையும் முன்பே கொஞ்சம் தனியே எடுத்து, சிறிது சர்க்கரை தூவி ஆறவைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டரிசி மாவை முதலில் சிறிது நீரில் தனியாகக் கரையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் கட்டி தட்டும். பிறகு மைதா, சர்க்கரை, மீதி நீர் சேர்த்துக் கலக்கி, சல்லடையில் வடிகட்டுங்கள். இந்தக் கரைசலில் மூன்று மேசைக்கரண்டியை எடுத்து ஒதுக்கி வையுங்கள்; பயறை ஒட்டவைக்க அது தேவை.

தட்டின் உட்புறத்தை நீரால் நனைத்து, மீதிக் கரைசலை ஊற்றி, பலமான ஆவியில் 20 நிமிடம் வேகவையுங்கள். மேலே தேங்கிய நீரைத் துணியால் ஒற்றிவிட்டுப் பயறை நெருக்கமாகப் பரப்பி, ஒதுக்கிய கரைசலை மேலே ஊற்றி, இன்னும் பத்து நிமிடம் வேகவிடுங்கள். மேற்பரப்பு முற்றிலும் வேகாத நிலையில் பயறைத் தூவினால் மூழ்கிவிடும். 20 நிமிடத்தில் நடுப்பகுதி ஆடினால் இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள்.

வெட்டுவதற்கு முன் முழுவதும் ஆற வேண்டும், குறைந்தது இரண்டு மணி நேரம். சூட்டோடு வெட்டினால் கத்தியோடு இழுபடும். தட்டைக் கவிழ்த்து எடுத்து, சதுரங்களாக்கி, ஒவ்வொரு சதுரத்தையும் மூலைக்கு மூலை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை நனைத்துக்கொள்ளுங்கள். உண்பதற்கு முன் அரைமணி குளிரவைத்தால் போதும். இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் கிடந்தால் மாவு விறைத்துவிடும். அப்படி ஆகிவிட்டால் ஐந்து நிமிடம் ஆவியில் காட்டி மீண்டும் ஆறவைத்தால் பழைய மென்மை திரும்பிவிடும்.